தடைக்காலத்தில் ஒரு கருப் பரிசோதனை

எங்கள் மூத்த மகளுக்குத் தலசீமியா மேஜர், ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயின் கடுமையான வகை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு வாரம் தள்ளி, ராமநாதபுரம் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேர்கிற இரும்பை வெளியேற்ற தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. அவளுக்கு அடுத்துப் பிறந்தவனுக்கு அந்த நோய் இல்லை. அவன் என் வயிற்றுக்குள் வரும் முன்பே, கருவாக இருந்தபோதே சோதித்துப் பார்த்து வைத்தார்கள். இந்தச் செய்தி ராமேஸ்வரம் தீவில் எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் பரவியதிலிருந்து யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது இரண்டுதான்: எங்கே பண்ணீங்க, எவ்வளவு ஆச்சு? எந்தப் பரிசோதனை, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. பணம் போவதும் மனசு உடைவதும் அந்தக் கேள்வியைக் கேட்காத இடத்தில்தான் என்பதால் எழுதுகிறேன்.

மச்சான், அதாவது என் புருஷன், எனக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். எங்கள் கத்தோலிக்க முறையில் இப்படி நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். சிவகங்கை ஆயர் இல்லம் வரை பேப்பர் போய் வந்தது. தாத்தா பாட்டி பெயர் வரை எழுதி வாங்கினார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தலசீமியா என்ற பெயரையே நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நானும் மச்சானும் கேரியர்கள், அதாவது ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும் கோளாறு உள்ளவர்கள். அதனால் எங்களுக்கு ஒரு நோயும் கிடையாது. அவர் வலை இழுக்கிறார், நான் தையல் மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி வரை எழுந்திருக்க மாட்டேன். முதல் பிரசவத்தின்போது எனக்கு ரத்தம் குறைவு என்று மாதா மாதம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஏறவே இல்லை. மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாயா என்று நர்ஸம்மா திட்டியதுதான் மிச்சம். சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்சிவி என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. அது ரொம்பக் குறைந்து, இரும்புச் சத்து சரியாக இருந்தால், ஹெச்பிஏ2 என்ற ஒரு வகை ஹீமோகுளோபினின் அளவைப் பார்க்க வேண்டும். அது 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர். இதெல்லாம் மகள் எட்டாம் மாதத்தில் வெளுத்துப்போய், ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் மேஜராக வர நாலில் ஒரு வாய்ப்பு, எங்களைப் போலக் கேரியராக வர நாலில் இரண்டு, எதுவும் இல்லாமல் வர நாலில் ஒன்று. அத்தை இதைக் கேட்டுவிட்டு, "ஒண்ணுக்கு வந்துருச்சுல்ல, இனி மூணு நல்லாப் பொறக்கும்" என்றார். அப்படி இல்லை. அடுத்த கருவுக்கு இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட தம்பதிக்கு ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கி வைக்கும் முறை, மட்டும்தான் வழி என்பது இல்லை. இயற்கையாகவே கர்ப்பமாகி, 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதியிலிருந்து துளி சதை எடுத்து, அதில் தலசீமியா ஜீனைப் பார்க்கலாம். சிவிஎஸ் என்பார்கள். செலவு ஐவிஎஃப்பின் பக்கத்தில்கூட வராது. நாலில் மூன்று பங்கு நல்ல பதில்தான் வரும். எங்களுக்கு அந்த நாலாவது பதில் வந்தது. அந்தக் கர்ப்பத்தைக் கலைத்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்னொரு தடவை அந்தப் படியில் ஏற என்னால் ஆகாது என்று மச்சானிடம் சொன்னேன். அதனால்தான் கருவை வைப்பதற்கு முன்பே பார்க்கும் வழிக்குப் போனோம். அந்த மன உறுதி உள்ளவர்கள் சிவிஎஸ் வழியை யோசிக்காமல் நேராக லட்சங்களில் இறங்க வேண்டாம்.

முதலில் போன மையத்தில் ஒரு பெண் பளபளப்பான தாளில் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தார். ஊசி, முட்டை எடுப்பது, கரு வளர்ப்பது, "ஜெனடிக் டெஸ்ட்" எல்லாம் சேர்த்து ஒரே தொகை. "தலசீமியாவும் இதுல தெரிஞ்சிருமா மேடம்?" என்று கேட்டேன். "எல்லாமே பார்த்துருவோம்மா, கவலைப்படாதீங்க" என்றார். அட்வான்ஸ் கட்ட நாள் குறித்துவிட்டோம். அதற்குள் மகளுக்கு ரத்தம் ஏற்றும் நாள் வந்தது. அந்த வார்டில் இருந்த இளம் டாக்டரம்மாவிடம் சும்மா அந்தத் தாளைக் காட்டினேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்து, "அக்கா, இது பிஜிடி-ஏ. இது குரோமோசோம் கூடக் குறைய இருக்கான்னுதான் எண்ணிப் பார்க்கும். டவுன் சிண்ட்ரோம் மாதிரி விஷயம் தெரியும். உங்க பாப்பாவோட கருவை இதுல வச்சிருந்தா நார்மல்னு வந்திருக்கும்" என்றார்.

எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. அந்த மையம் பொய் சொன்னதா, அந்தப் பெண்ணுக்கே வித்தியாசம் தெரியாதா என்பது இன்றுவரை புரியவில்லை. ஒரு குறிப்பிட்ட ஜீனில் உள்ள கோளாறைத் தேடுவது பிஜிடி-எம். எங்களுக்கு வேண்டியது அதுதான். குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும் பெற்றோருக்கு பிஜிடி-எஸ்ஆர் என்று தனியாக ஒன்று உண்டு. மூன்றுக்கும் கருவிலிருந்து செல் எடுக்கும் விதம் ஒன்றேதான். தேடுகிற பொருள்தான் வேறு. அதனால் தாளில் "ஜெனடிக் டெஸ்ட்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் வீட்டு நோயின் பெயரை அதில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே பதில் தெரிந்துவிடும். வயது முப்பதை ஒட்டி, வேறு பிரச்சினை இல்லாதவர்களுக்கு பிஜிடி-ஏ பார்ப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடிவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் பின்னால் மதுரையில் பார்த்த டாக்டர் சொன்னார். நாங்கள் அதைச் சேர்க்கவில்லை.

பிஜிடி-எம்முக்கு உடனே ஊசி போட ஆரம்பிக்க முடியாது. முதலில் எங்கள் இரண்டு பேரிடமும் தலசீமியாவுக்குக் காரணமான பீட்டா குளோபின் ஜீனில் எந்த டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறது என்கிற ரிப்போர்ட் கையில் வேண்டும். அப்புறம் எங்கள் ரத்தம், மகளின் ரத்தம் இரண்டையும் லேபுக்கு அனுப்பி, எங்கள் குடும்பத்துக்கென்று பரிசோதனையைத் தயார் செய்தார்கள். அதற்கே வாரக்கணக்கில் ஆனது. மகளுக்கு அடுத்த ரத்தம் ஏற்றுவதற்குச் சற்று முன்பாகச் சாம்பிள் எடுக்கச் சொன்னார்கள், ஊரார் ரத்தம் அவள் உடம்பில் குறைவாக இருக்கும் நேரம் அது. மாமாவுக்கும் அத்தைக்கும்கூட எடுத்தார்கள். "எங்களுக்கு எதுக்கு ஊசி?" என்று மாமா முறைத்தார்.

எதற்கு என்பதை டாக்டர் பொறுமையாக விளக்கினார். கருவிலிருந்து எடுப்பது சில செல்கள்தான். அதில் உள்ள டிஎன்ஏ துளியூண்டு. அதைப் பல மடங்காகப் பெருக்கும்போது அம்மா கொடுத்த பிரதி, அப்பா கொடுத்த பிரதி இரண்டில் ஒன்று விட்டுப்போகலாம். அப்படி விட்டுப்போனால் தப்பான பதில் வரும். அதனால் அந்த ஜீனை மட்டும் பார்க்காமல், 11-ஆவது குரோமோசோமில் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இருட்டில் படகு நம்பர் தெரியாவிட்டாலும், கூடப் போகிற படகுகளை வைத்து இன்னார் படகு என்று சொல்லிவிடுவதில்லையா, அப்படி என்று மச்சான் புரிந்துகொண்டார். எந்த அடையாளம் நோயுள்ள பிரதியோடு சேர்ந்து வருகிறது என்று தெரிய, நோயுள்ள பிள்ளையின் ரத்தமோ தாத்தா பாட்டியின் ரத்தமோ வேண்டும். இதைச் சொன்ன பிறகு மாமா கையை நீட்டினார்.

இந்த நேரத்தில்தான் இன்னொரு ஆசையும் வந்து ஒட்டிக்கொண்டது. வருகிற பிள்ளையின் மஜ்ஜை மூத்தவளுக்குப் பொருந்தினால் அவள் நோயே தீர்ந்துவிடுமே, அதையும் சேர்த்துப் பார்த்து வைக்கலாமே? மஜ்ஜை பொருந்துமா என்று காட்டும் ஹெச்எல்ஏ பொருத்தம் கருவிலேயே பார்க்க முடியும்தான், இந்தியாவிலும் நடந்திருக்கிறது. ஆனால் கணக்கு இப்படி: மேஜராக இல்லாமல் இருக்க நாலில் மூன்று, அக்காவோடு முழுசாகப் பொருந்த நாலில் ஒன்று. இரண்டும் சேர்ந்து வர 16-ல் 3. கையில் நாலைந்து கருதான் கிடைக்கும் என்கிறபோது, பொருந்தவில்லை என்பதற்காக நல்ல கருவை ஒதுக்கிவைக்க எங்களுக்கு மனசும் இல்லை, வசதியும் இல்லை. இதைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கேட்டு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாங்கள் நாள் குறித்தது 2024 மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் படகு டிரைவர். மற்ற நாளில் திங்கள், புதன், சனி என்று போய்விடுவார். முட்டை எடுக்கும் நாளை நாம் முன்கூட்டிக் குறிக்க முடியாது. ஸ்கேனில் முட்டைப் பை வளர்வதைப் பார்த்துத்தான் கடைசி ஊசி போடுவார்கள், அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். அன்றைக்குப் புருஷன் கரையில் இருக்க வேண்டும். தடைக்காலத்தில் ஆள் இருப்பார், காசு இருக்காது. அரசாங்கம் தரும் 8,000 ரூபாய் நிவாரணம் ஊசிச் செலவில் எந்த மூலைக்கு? என் வளையல் பேங்குக்குப் போனது, படகு ஓனரிடம் மச்சான் அட்வான்ஸ் வாங்கினார். கடலில் இருப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்: விந்தணுவை முன்பே கொடுத்து உறையவைக்க முடியும். இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாத தொழிலில் இது பெரிய நிம்மதி. தடைக்காலமாக இருந்தும் நாங்கள் அதைச் செய்துவைத்தோம்.

ஊசி கொண்டுவந்த கதை தனி. தீவுக்குள் ரயில் வராத நேரம் அது, புதுப் பாம்பன் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில், சித்திரை வெயிலில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. "ஐஸுக்கா நமக்குப் பஞ்சம்?" என்று மச்சான் மீன் கம்பெனியிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, அடியில் ஐஸைத் தட்டிப் போட்டு, மேலே ஊசியைப் புதைக்கப் போனார். இறால் அடுக்குகிற கை அது, அப்படித்தான் வரும். பார்மஸிக்காரர் பதறிவிட்டார். உறைந்துபோனால் மருந்து வீண். ஐஸை மூடி போட்ட டப்பாவில் அடைத்து, துணி சுற்றி, ஊசி அதைத் தொடாமல் வைக்க வேண்டும். ஊசியை வீட்டில் நானே தொப்புளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். பழகினால் ஒன்றுமில்லை.

முட்டை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறைதான் செய்தார்கள். வெளியே ஒட்டியிருக்கும் மற்ற விந்தணுக்களின் டிஎன்ஏ பரிசோதனையில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. டஜனுக்கு மேல் முட்டை கிடைத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அது நாளுக்கு நாள் குறையும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சில முட்டை முதிர்ந்திருக்காது, சிலது கருவாகாது, சிலது மூன்றாம் நாளோடு நின்றுவிடும். ஐந்தாம் ஆறாம் நாள் வரை வந்து நின்றது நாலு. அந்தக் கட்டத்தில் குழந்தையாகப் போகிற உள்கூட்டத்தைத் தொடாமல், நஞ்சுக்கொடியாகப் போகிற வெளி வரிசையிலிருந்து ஐந்தாறு செல்லை எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். கரு மதுரையிலேயே திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். போவது செல் மட்டும்தான். கருவையே ஊர் ஊராக அனுப்புகிறார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

ரிப்போர்ட் வரும்போது படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ஒன்று மேஜர். ஒன்று எதுவும் இல்லாதது. ஒன்று கேரியர். இன்னொன்றுக்கு முடிவு தெளிவாக இல்லை. கேரியர் கருவை வைக்கலாமா என்பதில் வீட்டில் பெரிய சண்டை. "குறையுள்ளதைத் தெரிஞ்சே வைப்பாங்களா?" என்று ஓரகத்தி கேட்டாள். நானும் கேரியர், என் மச்சானும் கேரியர், எங்களுக்கு என்ன குறை என்று கேட்டேன். கேரியர் கருவையும் ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லும் தம்பதிகள் உண்டாம். கையில் இருக்கும் பாதிக் கருவை ஒன்றுமில்லாத காரணத்துக்காக விடுவது அது என்பது என் கருத்து.

கோயில் விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் திருச்சபை ஐவிஎஃப்பையே ஏற்பதில்லை, கருவைச் சோதித்து ஒதுக்குவதை அதைவிட ஏற்பதில்லை. 2008-இல் ரோமிலிருந்து வந்த அறிக்கையிலும் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினேன். திட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. மூத்தவளைப் பற்றி விசாரித்தார், ஜெபித்தார். அத்தை ஓரியூர் போய் அருளானந்தர் கோயில் செம்மண்ணை எடுத்துவந்து என் நெற்றியில் பூசினார். மேஜர் கருவை என்ன செய்வது என்ற படிவத்தில் கையெழுத்துப் போட எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது. இந்தக் கேள்வி வரும் என்று முதல் ஊசிக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடைசியில் ஒரு படிவமாக வந்து நிற்கும்போது பேசத் தெம்பு இருக்காது.

ஊரில் பாதிப் பேருக்கு வேறு சந்தேகம். "ஆணா பொண்ணான்னு பாத்துத்தானே வச்சீங்க?" லேபுக்குத் தெரியலாம், நமக்குச் சொல்ல மாட்டார்கள். ரிப்போர்ட்டில் அந்த வரியே கிடையாது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டம் கருவுக்கும் பொருந்தும், ஆண் பெண் தேர்வுக்கு ஜெயில் உண்டு. செயற்கைக் கருத்தரிப்புக்காக 2021-இல் வந்த ஏஆர்டி சட்டமும், ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்க்காக மட்டும்தான் கருவைச் சோதிக்கலாம் என்கிறது. "ஆம்பளப் பிள்ளை ஏற்பாடு பண்ணித் தரேன்" என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் அந்த மையத்தின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். ஏஆர்டி சட்டப்படி பதிவு செய்த சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதுவும் இல்லாத கருவைத்தான் முதலில் வைத்தார்கள். தங்கவில்லை. பரிசோதனையில் பாஸான கரு எப்படித் தங்காமல் போகும் என்று மச்சானுக்குக் கோபம். தலசீமியா இல்லை என்றுதான் ரிப்போர்ட் சொன்னது, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. சில மாதம் கழித்துக் கேரியர் கருவை வைத்தார்கள். கருவை உருக்கி வைக்கவும் இரண்டு பேர் கையெழுத்து கேட்டார்கள், மச்சான் ஒரு தடவை கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வந்தார். வைத்த பிறகு பஸ்ஸில் குலுங்கினால் விழுந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். படுத்தே கிடப்பதால் ஒரு லாபமும் இல்லை, மெதுவாக வீட்டு வேலை பாருங்கள் என்றார் டாக்டர். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வீடு வந்தேன். இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ஹெச்சிஜி ஏறியிருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சில செல்களை வைத்துச் சொன்ன பதில் என்பதால், 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். இவ்வளவு செலவழித்துவிட்டு மறுபடி ஊசியா என்று இந்த இடத்தில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்களாம். நாங்கள் எடுத்தோம். கேரியர்தான் என்று உறுதியானது. தெளிவில்லாத அந்த நாலாவது கரு இன்னும் மதுரையில்தான் இருக்கிறது. வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் கட்டுகிறோம். மறுபடி செல் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள், இன்னும் முடிவு செய்யவில்லை. சட்டப்படி 10 வருடம் வரை வைத்திருக்கலாம்.

மூத்தவளுக்கு ஒரு வேலையும் பாக்கியிருந்தது. தலசீமியா, மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அந்த அட்டை வாங்க முடியும் என்பதே ஐவிஎஃப்புக்கு அலைந்த இடத்தில் இன்னொரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இதற்குள் என் தம்பிக்கு மச்சானின் தங்கையையே கேட்டுப் பேச்சு நடந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் பக்கம் சாதாரணம். ஹெச்பிஏ2 பார்க்காமல் தட்டு மாற்றக் கூடாது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். "நல்ல காரியத்துல ஆஸ்பத்திரிப் பேச்சா" என்று ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. லட்சங்களோடு ஒப்பிட்டால் அந்தப் பரிசோதனைக்கு ஆவது சில்லறை. ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் ஹெச்பிஏ2 அளவு இறங்கிக் காட்டி ஏமாற்றலாம் என்பதால், நாத்தனாருக்கு முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தோம். தம்பி கேரியர், அவள் இல்லை. ஒருத்தர் மட்டும் கேரியர் என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது, கல்யாணத்துக்குத் தடையில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். கல்யாணம் நடந்தது. சின்ன மாமா வீட்டில் இன்னும் இரண்டு பேர் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருத்தன் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறான், மற்றவன் கடலுக்குப் போயிருக்கிறான், வியாழக்கிழமை கரைக்கு வந்ததும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.